நாக்கு அண்ணன் வீட்டுக் கிணறு

கடலை ஒட்டிக் கோயில் இருந்தால் அங்கே வேலை பார்க்கிறவர்களுக்குப் புண்ணியம் அதிகம் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். புண்ணியம் எவ்வளவு சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. மணல் எவ்வளவு சேர்ந்தது என்று தெரியும். இருபத்திரண்டு வருடமாகக் கிழக்கு வாசலில் செருப்பை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கிறேன். சாமி பார்க்கப் போகிறவர்கள் கடற்கரையில் மிதித்த மணலையெல்லாம் என்னிடம் உதறிவிட்டு, கால் சுத்தமாகிவிட்ட நிம்மதியில் உள்ளே போவார்கள். பெருக்கித் தள்ளினால் காற்று திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கும். செருப்பு வைக்கிற இரும்பு அடுக்கு துருப்பிடித்து இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. என் முழங்காலை மாற்றத்தான் வழியில்லை. எல்லோரும் என்னை டோக்கன் என்றே கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பேனா என்பது சந்தேகம்தான்.

என் கடைக்கு நேர் எதிரே நாக்கு அண்ணன் வீடு. கடலில் குளித்துவிட்டு வருகிறவர்களுக்கு உப்புப் போகத் தலையில் ஊற்றிக்கொள்ள நல்ல தண்ணீர் வேண்டுமே, அது அந்தப் பக்கத்தில் ஊறுவது அவர் வீட்டுக் கிணற்றில் மட்டும்தான். முன்னால் கிணறு. அதை ஒட்டிச் சிமெண்டுத் தொட்டி. தொட்டியைச் சுற்றித் தகரக் கதவு போட்ட நான்கு குளியலறைகள். பின்னால் இரண்டு அறையும் ஒரு அடுப்படியுமாக வீடு. குளியலறைப் பக்கம் முழுக்க அண்ணி பாடு. வாளி எடுத்துக் கொடுப்பது, திரும்ப வாங்குவது, வழுக்கும் தரையைத் தேய்ப்பது, அடைத்துக்கொண்ட முடியைச் சாக்கடையிலிருந்து இழுத்தெடுப்பது, மறந்துவிட்டுப் போகிற கண்ணாடியையும் கொலுசையும் பத்திரப்படுத்துவது. ஒருமுறை ஒருவர் பல் செட்டையே விட்டுவிட்டுப் போய்விட்டார். சாமி கும்பிட்டு, ஓட்டலில் உட்கார்ந்து, சாப்பாடு இலைக்கு வந்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

அண்ணனுக்குக் கிணற்றுப் பக்கம். அவருக்கு அந்தப் பெயர் வந்தது சும்மா இல்லை. எந்தத் தண்ணீரைக் கொடுத்தாலும் ஒரு வாய் வைத்துவிட்டு அதன் பூர்வீகத்தைச் சொல்லிவிடுவார். நான் கடை போட்ட புதிதில், இந்த ஆளைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று ஒரு பாட்டிலில் தண்ணீர் கொடுத்தேன். ஒரு மடக்குதான் குடித்தார். "பஸ் ஸ்டாண்டு குழாய். பிளாஸ்டிக் குடத்துல ரெண்டு நாள் கிடந்திருக்கு. முதல்ல அந்தக் குடத்தைக் கழுவு" என்றார். எனக்கு மானம் போய்விட்டது. போய்க் குடத்தைக் கழுவினேன்.

தினமும் விடிகிற நேரத்தில் பூசாரி பித்தளைக் குடத்தோடு வருவார். சாமிக்கு ஊற்றுவது அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். அதற்கு மட்டும் அண்ணன் மோட்டார் போட மாட்டார். கயிற்றில் கையால் இறைத்து, உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிக் குடித்து, வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பார். பூசாரி "எப்படி?" என்று கேட்பார். அண்ணன் "நல்ல தண்ணி" என்பார். அந்த வார்த்தை விழுந்த பிறகுதான் குடம் நிறையும். அவர் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான் நடக்கிறது. நான் கடை திறக்கும்போது காதில் விழுகிற முதல் பேச்சும் அதுதான். அதைக் கேட்டால்தான் எனக்குப் பொழுது விடியும்.

அந்தக் கிணறுதான் உப்பாகிப் போனது.

இரண்டு வருடமாக மழை சரியில்லை. கோயிலைச் சுற்றி முளைத்த லாட்ஜுகள் ஆளுக்கொரு குழாயை பூமிக்குள் இறக்கி உறிஞ்சித் தள்ளின. உள்ளே நல்ல தண்ணீர் குறைந்தால் பக்கத்தில் இருக்கிற கடல் சும்மா இருக்குமா, மண்ணுக்கு அடியிலேயே நடந்து வந்துவிட்டது. இதெல்லாம் பின்னால் ஒருவர் விளக்கிச் சொன்னது. அப்போது எங்கள் காதில் விழுந்தது குளிக்கிறவர்களின் முணுமுணுப்புதான். சோப்பு நுரைக்கவில்லை, முடி சிக்குப் பிடிக்கிறது, துடைத்த பிறகும் உடம்பு பிசுபிசுவென்றிருக்கிறது.

"என்னம்மா இது, கடல்லயே இன்னொரு முங்கு போட்டுட்டுப் போயிருக்கலாம் போலிருக்கே" என்று ஒரு அம்மாள் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்.

"சோப்பு சரியில்லம்மா. இப்பல்லாம் எதுலதான் போலி இல்ல" என்று அண்ணி வாளியை வாங்கி வைத்தாள். குரலில் பிடிப்பே இல்லை. அன்றைக்கு அதையே அவள் ஆறேழு பேரிடம் சொல்லியிருப்பாள்.

நானும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கரித்தது. ஆனால் காலையில்தானே அண்ணன் நல்ல தண்ணி என்று சொன்னார்? அந்த நாக்கு சொன்ன பிறகு என் நாக்குக்கு வேறு மாதிரி தெரிந்தால் கோளாறு என் வாயில்தான் இருக்க வேண்டும். பல் டாக்டரிடம் போகலாமா என்றுகூட யோசித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பூசாரி கதையும் இதேதான். கோயிலில் கொடுக்கிற தீர்த்தத்தில் துளசி நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. கடைசியில் கையை நீட்டினால் தோட்டம்தான் விழுந்தது, தண்ணீரைத் தேட வேண்டியிருந்தது. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நான் கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்தேன். எதிரே கிணற்றை வைத்துக்கொண்டு கேன் வாங்குவது எனக்கே வெட்கமாக இருந்ததால், அதைப் பழைய சாக்குக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன்.

ஒரு மத்தியானம் கூட்டம் ஓய்ந்த பிறகு அந்தப் பக்கம் போனேன். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். காற்று அடியோடு நின்றுபோய், கடலே எண்ணெய் ஊற்றிய மாதிரி அசையாமல் கிடந்தது. அண்ணி கடைசிக் குளியலறை வாசலில் உட்கார்ந்து சாக்கடைக்குள் கம்பி விட்டுக் குடைந்துகொண்டிருந்தாள். நான் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அண்ணி, ஒண்ணு கேக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"தண்ணியைப் பத்தின்னா கேக்காத."

"அப்போ கேக்கல."

கம்பியோடு ஒரு கொத்து முடி வந்தது. அதை ஓரமாகப் போட்டாள்.

"உப்புதான்டி" என்றாள் என்னைப் பார்க்காமலே. "ரெண்டு மாசமாச்சு. எப்பவும் போடற உப்பைத்தான் கஞ்சியில போட்டேன், வாயில வைக்க முடியல. கை தவறிடுச்சு போலன்னு கொட்டிட்டேன். மறுநாளும் அதே மாதிரி. மூணாவது நாள் உப்பே போடாம காய்ச்சினேன். கணக்கா இருந்துச்சு. அன்னைக்கு உப்பு ஜாடியை எடுத்து மேல வச்சதுதான், இன்னும் இறக்கல."

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"என்னத்தச் சொல்வாரு. இறைக்கறாரு, வாயில ஊத்தறாரு, நல்ல தண்ணிங்கறாரு."

"நீங்க கேக்கலையா?"

"என்னன்னு கேக்கச் சொல்ற? சாக்கடை குத்தற எனக்கே தெரியுது, அந்த நாக்குக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் சொல்றாரு. உப்புன்னு ஒரு வார்த்தை வாயில வந்துச்சுன்னா கோயில் குடம் நின்னுடும். சாமிக்கே ஆகாத தண்ணியில குளிக்க எவன் வருவான்? நாளைக்கே நாலு கதவையும் சாத்த வேண்டியதுதான். நமக்கு வேற என்ன இருக்கு? அந்தப் பயத்துல வாய் கூசாம சாமிகிட்டயே..." நிறுத்திக்கொண்டு கம்பியை வெளியே இழுத்தாள்.

"அண்ணன் அப்படிப்பட்ட ஆள் இல்லையே அண்ணி."

"அதைத்தான் நானும் சொல்றேன். முப்பத்தோரு வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன். கோவக்காரர்தான். ஒரு கல்லு உப்பு கூடினா தட்டைத் தள்ளிவிடற ஆளு. கொஞ்ச மாசம் முன்னாடி ஒரு காய்ச்சல் வந்துச்சே, அதுலேருந்து எழுந்தப்புறம் அதுவும் இல்ல, போட்டதைத் தின்னுட்டு எழுந்திரிச்சிடறாரு. மனுசன் சாதுவாயிட்டாருன்னு நான் சந்தோசப்பட்டேன். ஆனா பொய்யி... பொய் சொல்லி நான் பாத்ததே இல்லடி. இப்ப தினம் காலையில சொல்றாரு, முகத்துல ஒண்ணுமே மாறல. நான் அடுப்படி ஜன்னல்லேருந்து பாக்கறேன். நேத்து வரைக்கும் இருந்த முகம்தான். அதைத்தான் என்னால தாங்க முடியல."

"நான் வேணா ஜாடையா ஒரு வார்த்தை..."

"நீ செருப்பைப் பாரு."

கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். எழுந்திருக்க இரண்டு தடவை முயற்சி செய்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு அடுத்த அறையின் தரையைத் தேய்க்கப் போனாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தப்பு செய்தவர் உள்ளே படுத்துத் தூங்குகிறார், அதைத் தெரிந்தவள் தரையைத் தேய்க்கிறாள் என்று அண்ணன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அடுத்த சில நாட்கள் அவர் "என்ன டோக்கன், கூட்டம் எப்படி?" என்று கேட்டால்கூட நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் கோயிலுக்குப் புது நிர்வாக அதிகாரி வந்தார். வெளியூர்க்காரர், மரியாதை தெரிந்தவர். என்னிடம் செருப்பு விடும்போதுகூட நன்றி சொல்லிவிட்டுப் போவார். இத்தனை வருடத்தில் செருப்புக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் அவர். ஒரு சாயங்காலம் நேராக அண்ணன் வீட்டு வாசலுக்கு வந்து கிணற்றுச் சுவர் மேல் உட்கார்ந்தார்.

"தீர்த்தம் உப்புக் கரிக்குதுன்னு ஒருத்தர் லெட்டர் எழுதியிருக்காருங்க" என்றார். "கமிட்டிக்காரங்க தண்ணியை லேபுக்கு அனுப்பணும்னாங்க. லாரித் தண்ணி வாங்கிடலாம்னு ஒருத்தர் சொல்றாரு. நான் விசாரிச்சேன். இந்தத் தண்ணி விசயத்துல உங்க வார்த்தைக்கு மேல வார்த்தை இல்லன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்புறம் எதுக்கு லேபு? நாளன்னைக்குக் காலையில மண்டபத்துக்கு வாங்க. எல்லார் முன்னாடியும் நீங்களே குடிச்சுப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அதோட பேச்சு முடிஞ்சுது."

அடுப்படி ஜன்னலில் அண்ணியின் கை தெரிந்தது, பாத்திரத்தைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டிருந்தது.

"வர்றேன் சார்" என்றார் அண்ணன்.

அங்கே போய் இவர் நல்ல தண்ணி என்று சொல்ல வேண்டியது, பக்கத்தில் நிற்கிறவன் ஒரு வாய் வாங்கிக் குடித்துவிட்டுச் சிரிக்க வேண்டியது. அப்பன் காலத்துப் பேர் அங்கேயே போய்விடும். உப்பு என்று சொன்னால் பிழைப்பு போய்விடும். எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி என்கிற மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் காலையிலிருந்து கரண்ட் இல்லை. குளிக்கிறவர்கள் தொட்டியைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். மத்தியானம் அண்ணி தெருவைத் தாண்டி வந்து என் கடை முன்னால் நின்றாள்.

"அந்த நீலக் கேனை எத்தனை நாளைக்குடி சாக்குக்கு அடியில வச்சிருப்ப? எடு."

எனக்குத் தலை நிமிரவில்லை. "அது வந்து அண்ணி..."

"வந்தும் இல்ல போயும் இல்ல. எனக்குக் கயித்தை இழுக்கத் தெம்பில்ல, அந்த மனுசன் காலையிலேருந்து படுத்தே கிடக்காரு. உலையில ஊத்தணும், எடுத்துட்டு வா. உனக்கும் சேத்துக் காய்ச்சறேன்."

கேனைத் தூக்கிக்கொண்டு போனேன். அடுப்படியில் புகை. அண்ணி அரிசியைக் களைந்து போட்டாள். இன்னொரு அடுப்பில் பயறு வேகவைத்தாள். அரிசி, தண்ணீர், கரண்டி என்று கை பழக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. கஞ்சி கொதித்து அடங்கியதும் மூன்று கிண்ணத்தில் ஊற்றினாள். "சாப்பிட வாங்க" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். அண்ணன் எழுந்து வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். இரவெல்லாம் தூங்காத கண்.

நான் முதல் வாய் வைத்தேன். கஞ்சியில் உப்பே இல்லை. வெறும் சோற்றை வெந்நீரில் கரைத்த மாதிரி இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இரண்டு மாசப் பழக்கத்தில் அண்ணி உப்புப் போடவில்லை. தண்ணீரோ கேன் தண்ணீர். நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவளும் ஒரு வாய் வைத்துவிட்டு அப்படியே இருந்தாள். ஜாடியை எடுக்க எழுந்திருக்கப் போனாள்.

அண்ணன் பாதிக் கிண்ணம் குடித்திருந்தார். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைக் கவனித்துவிட்டார். சமையலைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "இன்னைக்கு உப்பு சரியா இருக்கு" என்றார்.

அண்ணி எழுந்தவள் எழுந்தபடி நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று கேட்டாள்.

"வேணாம். கூடிடும்."

"நான் அதுல உப்பே போடலங்க."

அண்ணன் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"தண்ணியும் நம்ம கிணத்துத் தண்ணி இல்ல" என்றாள் அண்ணி. "இவ கேன் தண்ணி. அதுல உப்புக்கு வழியே இல்ல."

"நம்ம கிணத்துத் தண்ணின்னா மட்டும் உப்புக்கு வழி ஏது? எவனோ லெட்டர் எழுதிட்டா ஆச்சா?" என்றார் அவர்.

அண்ணி சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கையில் இருந்த கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"உங்களுக்கு எப்போலேருந்து தெரியல?" என்று அண்ணி கேட்டாள். மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

அவர் தரையைப் பார்த்தபடி, "காய்ச்சல்லேருந்து" என்றார்.

"அஞ்சு மாசம்."

"ம்."

"என்கிட்டகூடச் சொல்லல."

"வந்துடும்னு நெனச்சேன். இன்னைக்கு வந்துடும், நாளைக்கு வந்துடும்னு. வாசனையும் இல்ல, ருசியும் இல்ல. நீ போடற சோறு, மாத்திரை, மண்ணு எல்லாம் எனக்கு ஒண்ணுதான். காலையில தண்ணியை வாயில ஊத்தினா சில்லுன்னு இருக்கறது மட்டும்தான் தெரியும். பூசாரி எப்படின்னு கேக்கறாரு. நான் என்ன சொல்றது? நாக்குதானே செத்துப் போச்சு, கிணறு அப்படியேதானே இருக்கு, அதுக்கு என்ன கேடு வந்துடப் போகுதுன்னு பழைய வார்த்தையையே சொல்லிட்டு இருந்தேன்." நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தார். "கிணத்துக்கு என்ன?"

அண்ணி என்னைப் பார்த்தாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"டோக்கன், நீ சொல்லு."

"உப்புண்ணே" என்றேன்.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு மாசம்."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"குடிச்சவங்களுக்கெல்லாம் தெரியும். ஆனா நீங்க நல்ல தண்ணின்னு சொல்றீங்களேன்னு அவங்கவங்க வாய் மேலதான் சந்தேகப்பட்டாங்க. நான் பல் டாக்டருக்கே போகப் பாத்தேன்."

அவர் சிரிக்கவில்லை. "நீ?" என்று அண்ணியிடம் கேட்டார். "நீயும் உன் வாய் மேல சந்தேகப்பட்டியா?"

"இல்ல. உங்க மேல."

"நான் பொய் சொல்றேன்னு நெனச்சியா?"

"ஆமா."

"ரெண்டு மாசமா?"

"ஆமா."

"அப்படி நெனச்சுக்கிட்டேவா எனக்குச் சோறு போட்ட?"

"வேற யாரு போடுவா?" என்றாள் அண்ணி. அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நடுவில் சிரிப்பு மாதிரியும் ஏதோ வந்தது. "அவர் பொய் சொல்லலடி டோக்கன். இந்த மனுசன் பொய் சொல்லல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை நாளாக நான் அந்த ஆளிடம் முகம் திருப்பிக்கொண்டதெல்லாம் என்னையே குத்தியது.

அண்ணன் கிண்ணத்தில் பாதிக் கஞ்சி ஆடை கட்டியது. அவர் அதைப் பார்த்தபடியே, "நாளைக்கு மண்டபத்துக்குப் போயி உப்புன்னு சொல்லிடறேன்" என்றார். "கிணறு போனா போகுது. அது மண்ணு செஞ்சது. ஆனா நாக்கு விசயம் இந்த அடுப்படியோட இருக்கட்டும். அதையும் போயி நாலு பேருகிட்ட சொல்லிட்டு நான் எப்படி வெளியில நடப்பேன்? பேரையாவது விட்டு வைங்க."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்" என்றேன்.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குடிச்சு முடிங்க, ஆறிப் போச்சு" என்றாள். ஜாடியை இறக்கிக் கொஞ்சம் உப்புப் போட்டுக் கலக்கிக் கொடுத்தாள். அவருக்குத் தெரியாது என்று தெரிந்தும் போட்டாள்.

காலையில் நான் கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு மண்டபத்துக்குப் போனேன். செருப்பு வேண்டுமென்றால் அவரவர் பார்த்துக்கொள்ளட்டும். அதிகாரி இருந்தார், கமிட்டிக்காரர்கள் இருவர் இருந்தார்கள், பூசாரி தூணோரம் நின்றார். சாமி கும்பிட வந்த சிலரும் என்ன விசேஷம் என்று நின்றுவிட்டார்கள். அண்ணன் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பின்னாலேயே அண்ணி. குளியலறை கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே வந்திருக்கிறாள், புடவைக் கரை நனைந்து காலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மேசை மேல் இரண்டு டம்ளர் இருந்தது. ஒரு டம்ளருக்குத்தான் நாங்கள் தயாராகி வந்திருந்தோம்.

"லாரித் தண்ணியும் ஒரு குடம் வரவழைச்சேங்க" என்றார் அதிகாரி. "ஒண்ணுல அது, ஒண்ணுல உங்க கிணத்துத் தண்ணி. எது எதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். உங்களைச் சோதிக்கறதா நெனச்சுக்காதீங்க. பின்னாடி யாரும் ஒரு பேச்சு பேசிடக் கூடாது பாருங்க, அதுக்குத்தான். நீங்க எதை நல்ல தண்ணின்னு சொல்றீங்களோ அதுதான் நாளையிலேருந்து சாமிக்கு."

நல்ல மனுசன்தான். நல்ல மனுசன் வைக்கிற கண்ணியிலிருந்து தப்பிப்பது இன்னும் கஷ்டம்.

அண்ணன் முதல் டம்ளரை எடுத்து உள்ளங்கையில் ஊற்றிக் குடித்தார். எப்போதும் போல வாயை மூடிக்கொண்டு நின்றார். இரண்டாவதையும் அப்படியே. அலை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. வலதா, இடதா? ஏதாவது ஒன்றைக் காட்டிவிடுங்கள் அண்ணே, பாதிக்குப் பாதி பலித்துவிடும், பேராவது மிஞ்சும் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் கையும் வலது டம்ளர் பக்கம் போனது. போய் நின்றது.

பூசாரி பழக்கத்தில் "எப்படி?" என்று கேட்டுவிட்டார்.

அண்ணன் இரண்டு டம்ளரையும் எடுத்தார். திரும்பி அண்ணியிடம் நீட்டினார்.

"என்னைக் கேட்டுப் பிரயோஜனம் இல்ல சார்" என்றார் அதிகாரியிடம். "எனக்கு நாக்கு போயி அஞ்சு மாசமாச்சு. இத்தனை நாள் சாமிக்கு நான் சொன்னதெல்லாம் வெறும் வாய் வார்த்தை. இவளுக்குத் தெரியும். இவளைக் கேளுங்க."

கமிட்டிக்காரர் ஒருவர் ஏதோ சொல்ல வந்தார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். பூசாரி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அண்ணி பக்கம் திரும்பி நின்றார்.

அண்ணிக்குக் கை ஈரம். புடவையில் துடைத்துக்கொண்டாள். முப்பத்தோரு வருடத்தில் அந்தத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று அவளை யாரும் கேட்டதில்லை. முதல் டம்ளரில் ஒரு வாய் குடித்தாள். மேசையில் வைத்தாள். "இது நல்ல தண்ணி. லாரித் தண்ணி" என்றாள்.

இரண்டாவதை எடுத்தாள். ஒரு வாய் குடித்ததும் அவள் முகத்தைப் பார்த்த எல்லோருக்கும் தெரிந்திருக்கும். நாலு தகரக் கதவும், தொட்டியும், வாளியும் எல்லாம் அந்த ஒரு வாயில்தான் இருந்தது. அண்ணனைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார்.

"இது எங்க கிணறு" என்றாள். "உப்பு."

அதிகாரி டம்ளரை வாங்கக் கையை நீட்டினார். அண்ணி கொடுக்கவில்லை. நின்றபடியே அதில் மிச்சம் இருந்ததை முழுக்கக் குடித்தாள். குடித்துவிட்டு டம்ளரை மேசையில் வைத்தாள்.

இருவரும் மண்டபத்தை விட்டு இறங்கினார்கள். நான் நாலடி பின்னால் நடந்தேன். மணல் அந்த நேரத்துக்கே சுட ஆரம்பித்திருந்தது.

"ரொம்ப உப்பா?" என்று பாதி தூரத்தில் அண்ணன் கேட்டார்.

"ரொம்ப இல்ல."

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"குடிக்க முடியுமா?"

"நாம குடிக்கலாம்" என்றாள் அண்ணி.